கப்பலில் உல்லாசப் பயணம்: பணம் கட்டும் முன்பு இதைப் படியுங்கள்!

"தம்பி, கப்பலில் போகலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்!"

போன மாதம் ஒரு பெரியவர் என்னிடம் இப்படிக் கேட்டார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. தாள் முழுவதும் ஒரு வெள்ளைக் கப்பல். அதன் கீழே கொட்டை எழுத்தில் ஒரு தொகை.

ஆசை அவருக்கு அல்ல, அவருடைய மனைவிக்கு.

அந்த அம்மாளின் தகப்பனார் "ரஜூலா" கப்பலில் பினாங்குக்குப் போனவர். ரஜூலா என்றால் நாகப்பட்டினம் பக்கத்துப் பெரியவர்கள் உடனே தெரிந்துகொள்வார்கள். 1926-ஆம் ஆண்டு கட்டிய கப்பல் அது. சென்னையில் புறப்படும். நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றும். பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும். 1973 வரை ஓடியது. பிழைப்புத் தேடிப் போனவர்கள் அதன் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக் கிடந்து கடலைத் தாண்டினார்கள். தகப்பனார் போனபோது அந்த அம்மாளுக்கு 6 வயது. கரையில் நின்று கை காட்டி இருக்கிறார். அப்பா தாண்டிய கடலைத் தானும் ஒரு தடவை கப்பலில் இருந்து பார்க்க வேண்டும் என்று அன்று முதல் ஆசை.

"ஆசையைத் தீர்த்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால், கையில் இருப்பது ஓய்வுப் பணம். தண்ணீரில் போட்டது போல் ஆகிவிடக் கூடாது. அதனால்தான் கேட்கிறேன்" என்றார் பெரியவர்.

"போங்கள், ஐயா. தாராளமாகப் போங்கள். ஆனால், இந்தத் தாளில் உள்ள தொகையை நம்பிப் போகாதீர்கள்!" என்றேன்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கப்பலில் உல்லாசப் பயணம் போவது பணக்காரர்களுக்கு மட்டும் உரியது என்பது பழைய கதை. சாதாரணக் குடும்பமும் போகலாம். விவரம் தெரியாமல் போனால்தான் வம்பு.

முதல் பயணம், குட்டிப் பயணம்

2023-ஆம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி "எம்பிரஸ்" என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்தில் இருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களைத் தொட்டுத் திரும்பும் பயணம் அது. கப்பலின் நீளம் 211 மீட்டர். அதில் 11 தளங்கள். 1990-இல் ஓட ஆரம்பித்த கப்பல். அதாவது, மிகவும் புதியது அல்ல. மிகவும் பெரியதும் அல்ல. 2024-இல் அமெரிக்காவில் ஓட ஆரம்பித்த "ஐகான் ஆப் தி சீஸ்" என்ற கப்பலின் நீளம் 365 மீட்டர்! 7,000 பயணிகளுக்கு மேல் ஏற்றும். அது கப்பல் அல்ல, மிதக்கும் ஊர்!

"அந்தப் பெரிய கப்பலில் போனால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்பது என் கட்சி.

கப்பல் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். ஒத்துக்கொள்ளாவிட்டால், இரண்டு இரவுப் பயணத்தில் இரண்டு நாள்தான் கஷ்டம். ஏழு இரவுப் பயணத்தில் ஏழு நாளும் கஷ்டம். நடுக்கடலில் "வண்டியை நிறுத்து, இறங்கிக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியாது! அன்றியும், அயல்நாட்டில் போய்க் கப்பல் ஏறுவது என்றால் விமானச் செலவு, விசா, ஓட்டல் எல்லாம் சேரும். சென்னை, கொச்சி, மும்பை என்று நம் துறைமுகங்களில் இருந்தே இரண்டு, மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் அந்தந்தப் பருவத்தில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றில் போய்ப் பாருங்கள். பிடித்து இருந்தால் அடுத்த தடவை உலகத்தையே சுற்றுங்கள். யார் தடுக்கப் போகிறார்கள்?

பருவத்தையும் கவனியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் வங்கக் கடலில் புயல் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் பொங்கும். மும்பைப் பக்கம் ஓடும் கப்பல் மழைக்காலத்தில் சென்னைப் பக்கம் வந்ததற்குக் காரணம் அதுதான். "விலை மலிவு" என்று விளம்பரம் செய்யும் மாதம் எது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கொட்டை எழுத்தும் பொடி எழுத்தும்

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் உள்ள தொகை ஓர் ஆளுக்கு உரியது. அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால்தான். ஒருவர் தனியாகப் போனால், ஏறக்குறைய இரண்டு பேருக்கு உரிய பணத்தைக் கேட்பார்கள். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்குகிறவர்களுக்குக் கட்டணம் குறைவு. ஆகவே, நான்கு பேர் உள்ள குடும்பம் இரண்டு அறை எடுக்கும் முன்பு, ஒரே அறை போதுமா என்று கேட்க வேண்டும்.

பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். துறைமுகக் கட்டணம் தனி. வரி தனி. பணியாளர்களுக்குக் கொடுக்கும் "டிப்ஸ்" தனி. டிப்ஸ் என்றால் நாமாக விருப்பப்பட்டுக் கொடுப்பது என்று நினைக்கிறோம். கப்பலில் அப்படி அல்ல. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று அவர்களே கணக்கில் எழுதிவிடுவார்கள். அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்கள் பலவற்றில் அது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல். நான்கு பேர், ஏழு நாள் என்று பெருக்கிப் பாருங்கள். தலை சுற்றும், கடல் இல்லாமலே!

டிக்கெட் பணத்தில் என்ன கிடைக்கும்? அறை, பொதுச் சாப்பாட்டு மண்டபத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், பெரும்பாலான ஆட்டம் பாட்டம். இவை உண்டு. குளிர்பானம், மது, தனி ஓட்டல், துணி வெளுப்பு, இண்டர்நெட், போட்டோ, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனிப் பணம்.

கப்பலில் ரொக்கம் புழங்காது. ஏறியதும் ஓர் அட்டை கொடுப்பார்கள். அறைக் கதவுக்கும் அதுதான் சாவி. கடைக்கும் அதுதான் பணம். அட்டையை நீட்டும்போது வலிக்காது. கடைசி நாள் பில் வரும்போதுதான் வலிக்கும். எனக்கே வலித்து இருக்கிறது! என் முதல் பயணத்தில், ஏறும் இடத்தில் சிரித்த முகத்தோடு எங்களைப் போட்டோ எடுத்தார்கள். இலவசம் என்று நினைத்தேன். என் மகன் வேறு, "அட்டையைக் காட்டினால் ஜூஸ் தருகிறார்கள், அப்பா" என்று கண்டுபிடித்துவிட்டான். மூன்றாம் நாள் பில்லில் ஒரு நல்ல பட்டுச் சேலை விலை ஏறி இருந்தது. குற்றம் கப்பல்காரர்கள் மீது மட்டும் அல்ல. நானும் ஒருநாள்கூடக் கணக்குப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாள் இரவும் வரவேற்பு மேசைக்குப் போய், "இன்று வரை எவ்வளவு?" என்று கேளுங்கள். பிள்ளைகள் அட்டையில் பணம் எடுக்க முடியாதபடி செய்யச் சொல்லலாம். கேட்டால் செய்வார்கள்.

டிக்கெட் விற்கும் ஏஜெண்டு "எல்லாம் சேர்த்துத்தான், சார்" என்பார். அந்த "எல்லாம்" என்னென்ன என்று எழுதி வாங்குங்கள். கடைசி நேரத்தில் போக முடியாவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். நாள் நெருங்க நெருங்க அது குறைந்துகொண்டே போகும். கப்பல் எந்த ஊரில் நிற்கும் என்பதும் உறுதி அல்ல. காற்று, மழை, அரசாங்க அனுமதி எதுவும் குறுக்கே வரலாம். 2022 ஜூனில் சென்னையில் இருந்து புறப்பட்ட ஓர் உல்லாசக் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் திரும்ப வேண்டியதாயிற்று.

அறையைப் பொறுத்தவரை, ஜன்னல் இல்லாத உள் அறைதான் மலிவு. முதல் பயணத்துக்கு அது போதும். அறைக்குள் அடைந்து கிடக்கவா கப்பல் ஏறுகிறோம்? ஒரே கடலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். மேல்தளத்தில் பார்த்தால் பணம் இல்லை. இருட்டு அறையில் மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்கள் மட்டும் ஜன்னல் அறை எடுக்கட்டும். எந்த அறை ஆனாலும், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

கப்பல் யாருக்காகவும் நிற்காது!

டவுன் பஸ்சைத் தட்டி நிறுத்தலாம். கப்பலைத் தட்ட முடியாது!

2024 மார்ச் மாதம் நடந்தது இது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் சாவோ டோமே என்று ஒரு தீவு. அங்கே ஓர் உல்லாசக் கப்பல் நின்றது. பயணிகள் 8 பேர் தாங்களாகவே ஏற்பாடு செய்துகொண்டு ஊர் சுற்றப் போனார்கள். திரும்ப நேரம் ஆகிவிட்டது. அவர்கள் வந்தபோது கப்பல் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. படகில் ஏறிக் கப்பல் அருகே வரை போய்விட்டார்கள். ஆனால், கப்பலில் ஏற்றவில்லை! சாமான் எல்லாம் கப்பலில். அவர்கள் கரையில். பிறகு நாடு நாடாகத் தாவி, சுமார் ஒரு வாரம் கழித்துச் செனகல் நாட்டில்தான் அந்தக் கப்பலைப் பிடித்தார்கள்.

"இது அநியாயம்" என்று பலர் சொன்னார்கள். "விதி என்றால் விதிதான்" என்று வேறு பலர் சொன்னார்கள். என்னைக் கேட்டால், வயதானவர்களை அப்படி விட்டுப் போனது ஈரம் இல்லாத காரியம். ஆனால், நம் கோபத்தைக் கேட்டு எந்தக் கப்பலும் திரும்பாது. கடிகாரத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.

கப்பல் புறப்படும் நேரம் வேறு. நீங்கள் ஏறி இருக்க வேண்டிய நேரம் வேறு. பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி முன்பே ஏறிவிட வேண்டும். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதம் ஆனாலும் கப்பல் காத்திருக்கும். அதற்குப் பணம் கூடுதல். நீங்களே ஆட்டோ பிடித்துப் போனால் மலிவு. ஆனால், தாமதம் உங்கள் தலையில்! காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு ஆட்டோ போதும். அம்பாந்தோட்டையில் இறங்கிக் கதிர்காமம் போய் வர வேண்டும் என்றால், அது தூரம். அதற்குக் கப்பல் சுற்றுலாவில் போவதே புத்திசாலித்தனம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையில் இருந்தோ நெல்லையில் இருந்தோ வருகிறவர்கள், கப்பல் புறப்படும் நாள் காலையில் சென்னை வந்து இறங்குகிற மாதிரி ரெயிலில் டிக்கெட் எடுக்காதீர்கள். ரெயில் இரண்டு மணி தாமதம் ஆனால் எல்லாம் போச்சு. முதல் நாளே வந்து தங்குங்கள்.

இலங்கை போன்ற அயல்நாட்டுக்குப் போகும் கப்பல் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். ஆறு மாதமாவது அதற்கு ஆயுள் இருக்க வேண்டும். விசா விதி அடிக்கடி மாறும். "போன வருஷம் மாமா அப்படித்தான் போனார்" என்ற பேச்சை நம்பாமல், பணம் கட்டுகிற வாரத்தில் விசாரியுங்கள்.

ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல்

கப்பலில் ஏறியதும் சாப்பாட்டு மண்டபத்துக்கு ஓடுவோம். அதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று பயிற்சி தருவார்கள். பலர் இதை விளையாட்டாக நினைக்கிறார்கள். "அபசகுனம்" என்று அறைக்குள் ஒளிந்துகொள்கிற அம்மாமார்களும் உண்டு.

2012-ஆம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி இரவு. இத்தாலி நாட்டில் ஜிலியோ என்ற தீவுக்கு அருகே "கோஸ்டா கன்கார்டியா" என்ற பெரிய உல்லாசக் கப்பல் போயிற்று. கரைக்கு மிக அருகில் போனதால் பாறையில் மோதியது. கப்பலில் 4,200 பேருக்கு மேல் இருந்தார்கள். கப்பல் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பல நூறு பயணிகளுக்குப் பயிற்சியே நடக்கவில்லை. மறுநாள் நடத்துவதாக இருந்தார்கள்! ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போது சட்டம். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் பயணிகள் தவித்தார்கள்.

அதற்குப் பிறகு உலகச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்பு அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடத்தியே ஆக வேண்டும். 32 உயிர் கொடுத்து வாங்கிய பாடம் அது. அரை மணி நேரம் நின்று கேட்டுக்கொள்ள நமக்கு என்ன கஷ்டம்?

சங்கு ஏழு தடவை குட்டையாக ஊதி, ஒரு தடவை நீளமாக ஊதினால், ஆபத்து என்று பொருள். உடனே உங்களுக்குக் குறித்த இடத்துக்குப் போக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் சொல்லிக் கொடுங்கள். அறையில் இருந்து அந்த இடத்துக்கு ஒரு தடவை படிக்கட்டு வழியாகவே நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிப்ட்டை நம்பக் கூடாது.

நீச்சல் குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல கப்பல்களில் குளத்துக்கு அருகே காவலாள் கிடையாது. குழந்தை குளத்தில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கண் எடுக்காமல் உட்கார்ந்து இருக்க வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவது உட்கார்ந்ததாகாது.

வாந்தி வந்தால்?

கப்பல் ஆடுவதைக் காது உணர்கிறது. அறைச் சுவர் ஆடாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. காதுக்கும் கண்ணுக்கும் சண்டை! அதுதான் மயக்கத்துக்குக் காரணம். வெளியே வந்து, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். சண்டை தீரும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். இஞ்சி சிலருக்குக் குணம் தரும். மாத்திரை என்றால், வாந்தி வரும் முன்பே போட வேண்டும். கண் அழுத்தம் உள்ளவர்களும், சிறுநீர் கழிக்கக் கஷ்டப்படும் முதியவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால், இலவசம் இல்லை. உங்கள் ஊர் மருத்துவ இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் அயல்நாட்டில் செல்லாது. நான் கப்பல் டிக்கெட்டில் கஞ்சத்தனம் செய்யச் சொல்வேன். பயண இன்ஷூரன்சில் செய்யச் சொல்ல மாட்டேன். நடுக்கடலில் நெஞ்சு வலி வந்தால், செலவு லட்சக்கணக்கில் போகும். ஏற்கனவே உள்ள சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இவற்றை மறைக்காமல் எழுதி இன்ஷூரன்ஸ் எடுங்கள். மறைத்தால் பிறகு பணம் தர மாட்டார்கள். கர்ப்பிணிகள் 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். 6 மாதம் ஆகாத கைக்குழந்தைக்கும் அப்படியே.

சாப்பிடும் முன்பு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி ஒன்று வேகமாகப் பரவும். கையில் தடவும் மருந்துத் தண்ணீருக்கு அது சரியாக அடங்காது. சோப்பும் தண்ணீரும்தான் நல்லது.

கரை மறைந்ததும் செல்போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால், கப்பலில் உள்ள கோபுரத்தைப் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஊருக்கு வந்த பிறகு போன் பில்லைப் பார்த்து மயங்கி விழ வேண்டும். சூதாட்ட மண்டபம் இருந்தால், அந்தப் பக்கம் போகாதீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பெரியவர் புறப்படுகிறார்

எல்லாவற்றையும் பெரியவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவரே கணக்குப் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். விளம்பரத்தில் இருந்த தொகையை விட ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு வந்தது. "தெரிந்து செலவு செய்தால் கவலை இல்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு, உள் அறைக்கே பணம் கட்டினார்.

அவருடைய மனைவிக்கு வேறு கவலை. "முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய் கொண்டு போகலாமா? கடலுக்கு ஒரு கற்பூரம் காட்டலாமா?" என்று கேட்டார்.

வீட்டுப் பலகாரத்தைப் பல கப்பல்களில் உள்ளே விட மாட்டார்கள். கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. கடலில் போகும் கப்பலுக்குத் தண்ணீரை விட நெருப்புத்தான் பெரிய பகை. "கையெடுத்துக் கும்பிடுங்கள், அம்மா. அதை யாரும் தடுக்க மாட்டார்கள்" என்றேன். சரி என்றார். ஊறுகாய்க்குத்தான் முகம் வாடிவிட்டது!

சாமான் கட்டுவதைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லி அனுப்பி இருக்கிறேன். ஏறும்போது பெரிய பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே, மருந்து, கண்ணாடி, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும்.

இறங்குவதற்கு முந்தைய இரவு, பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். இரவோடு இரவாக எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் கரையில்தான் கிடைக்கும். மறுநாள் காலையில் உடுத்த வேண்டிய துணியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். நான் போன கப்பலில் ஒரு பேர்வழி எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாள் காலை, கோட்டுப் போட்ட அதிகாரிகள் வரிசையாக நின்று வழி அனுப்ப, அவர் கட்டம் போட்ட லுங்கியும் பனியனுமாக இறங்கிப் போனார்!